மன்றத்தை விட்டது அரசியலை விட்டதாகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்காவின் சியாட்டில் நகர மன்றத்தில் பத்தாண்டுகள் உறுப்பினராக இருந்த க்ஷமா சாவந்த், 2023-இல் மீண்டும் போட்டியிடாததை அரசியல் ஓய்வு என்று தங்கள் இதழ்க் கட்டுரை குறிப்பிட்டிருந்தது. இது அவருக்கு நியாயம் செய்யாத மதிப்பீடு.

புனேயில் தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்து, அமெரிக்காவில் பொருளியலில் முனைவர் பட்டம் பெற்ற அவர், 2013-இல் மணிக்கு 15 டாலர் குறைந்தபட்சக் கூலி என்ற கோரிக்கையை முன்வைத்து நகர மன்றத் தேர்தலில் வென்றார். 2014 ஜூனில் மன்றம் ஒருமனதாக நிறைவேற்றிய அந்த 15 டாலர் கூலிச் சட்டத்திற்கு அடித்தளமிட்டது, வேலையை நிறுத்திவிட்டுத் தெருவுக்கு வந்த துரித உணவகத் தொழிலாளர்களின் போராட்டமே. ஏறத்தாழ 1,17,000 டாலர் ஆண்டு ஊதியத்தில் 40,000 மட்டும் தமக்கு எடுத்துக்கொண்டு, மீதியைப் போராட்ட நிதிக்கு அளித்தவர் அவர்.

தமிழ் வாசகர்கள் முக்கியமாக அறியவேண்டியது 2023 பிப்ரவரி 21 அன்று நடந்ததை. வேலையிலும் வீட்டு வாடகையிலும் பொது இடங்களிலும் பாகுபாட்டைத் தடுக்கும் நகரச் சட்டத்தில் இனம், மதம், பாலினம் ஆகியவற்றோடு சாதியையும் சேர்க்க அவர் கொண்டுவந்த தீர்மானம் 6-1 என நிறைவேறியது. அமெரிக்க நகரங்களில் இதுவே முதல் சட்டம். ஆதிக்க சாதியில் பிறந்தவர் என்பதை மறைக்காமலேயே அவர் இதற்காகப் போராடினார். அதே ஆண்டு கலிஃபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய இத்தகைய மசோதாவை ஆளுநர் தடுத்துவிட்டார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், சியாட்டிலில் நடந்தது எவ்வளவு அரிது என்பது விளங்கும்.

மன்றத்திலிருந்து விலகும் முன்பே, 'வொர்க்கர்ஸ் ஸ்ட்ரைக் பேக்' என்ற தொழிலாளர் இயக்கத்தை அவர் தொடங்கிவிட்டார். ஆயினும், அவர் விட்ட இடத்தில் அவருடைய அணியைச் சேர்ந்த எவரும் அமரவில்லை என்பது என் வருத்தம். வாடிக்கையாளர் தரும் டிப்ஸைக் கணக்கில் காட்டிச் சிறு முதலாளிகள் கூலியைக் குறைத்துக் கொடுக்கும் சலுகை 2024 இறுதியில் முடிய வேண்டியிருந்தது. அதை நீட்டிக்கும் மசோதாவை முன்வைத்தவர், அவருடைய தொகுதியிலேயே அவருக்குப் பின் வந்த உறுப்பினர்தான். தொழிலாளர்கள் திரண்டு எதிர்த்ததால் அது திரும்பப் பெறப்பட்டது. எதிர்த்தவர்களில் சாவந்தின் இயக்கமும் இருந்தது. தங்கள் கட்டுரையில் விடுபட்ட இந்நிகழ்வையும் வாசகர்களுக்குத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
மதுரை.