“நடிக்கிறாள்” என்று சொல்லாத எல்லோருக்கும் நன்றி

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கங்களில் சிக்கலான டிசோசியேற்றிவ் (நினைவும் தன்னுணர்வும் பிரிந்துபோகும்) கோளாறுகளுடன் வாழ்பவர்களும் அவர்களின் குடும்பத்தாரும் சேர்ந்து, துணை நின்ற வைத்தியர்கள் முதல் அயலவர்கள் வரை எல்லோருக்கும் எழுதும் நன்றி மடல் இது.

சிறுவயதில் தாங்க முடியாதது திரும்பத் திரும்ப நடந்தால், சிலரின் மனம் நினைவையும் உணர்வையும் ‘நான்’ என்பதையும் தனித்தனிக் கூறுகளாகப் பிரித்து வைத்துக்கொள்கிறது. ஒரு கூறு செய்தது மற்றதற்குத் தெரியாமல் போகலாம். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் 11ஆவது நோய்ப் பகுப்பில் இதன் முழு வடிவத்துக்கும் பகுதி வடிவத்துக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. எங்கள் ஊரில் அந்தப் பெயரைச் சொல்லித் தந்தவர்கள் நீங்கள்.

உளநலப் பிரிவு வைத்தியர்களுக்கு முதல் நன்றி. குரல் கேட்கிறது என்றதுமே உளமாய நோய் (நிஜம் எது என்று பிரித்தறிய முடியாமற் போகும் ‘சைக்கோசிஸ்’) என்று எழுதிவிடவில்லை. எந்த வயதிலிருந்து கேட்கிறது, குரல்கள் தமக்குள் கதைக்கின்றனவா, இடையில் மணிக்கணக்கு காணாமற் போகிறதா, வாங்கிய நினைவே இல்லாத பொருள் பையில் கிடக்கிறதா என்று பொறுமையாகக் கேட்டீர்கள். கைகால் வெட்டி இழுத்து விழுபவர்களுக்கு, அது இந்தக் கோளாற்றாலும் வரலாம் என்று அறிந்து, வலிப்பு மருந்தைக் கூட்டிக்கொண்டே போகவில்லை. வலிப்பு வராத நேரத்தில் எடுத்த ஈஈஜீ (மூளையின் மின்னலைப் பதிவு) சரியாக இருப்பதை மட்டும் வைத்து முடிவு சொல்ல இயலாது என்பதால், வீட்டார் கைபேசியில் பிடித்த காணொளியையும் பார்த்தீர்கள். இந்தக் கோளாற்றுக்கென்று தனி மருந்து இல்லை, தருவது தூக்கத்துக்கும் மனச்சோர்வுக்கும் பதகளிப்புக்கும்தான் என்று ஒளிக்காமல் சொன்னீர்கள்.

உளவளத்துணையாளர்களே, இப்படி மனம் பிரிந்துபோகும் அனுபவங்களை அளக்கும், 28 கேள்விகள் கொண்ட ‘டெஸ்’ படிவத்தை எங்கள் பேச்சுத் தமிழில் வாசித்து விளக்கினீர்கள். 30க்கு மேல் புள்ளி வந்தாலும் அது மேலும் ஆராயச் சொல்லும் அறிகுறி மட்டுமே, நோய் நிர்ணயமல்ல என்றீர்கள். அதைவிடப் பெரிது, “2009இல் என்ன நடந்தது, சொல்லு” என்று முதல் நாளே தோண்டாதது. முதலில் பாதுகாப்பும் நிதானமும், பிறகுதான் பழைய நினைவு, அதற்கும் பிறகு கூறுகளின் இணக்கம். இந்த வரிசை மாறினால் தூக்கம் கெடும், நினைவு அறும், தன்னைக் காயப்படுத்துவது கூடும். “இதில் உண்மையான ஆள் யார்?” என்று நீங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. எல்லாக் கூறும் சேர்ந்ததே அந்த ஆள்.

அயலவர்கள், பஸ் நடத்துநர்கள், சந்தை அக்காமார் எல்லோரும், எங்களில் ஒருவர் தன்னிலை மறக்கும்போது செய்ய ஒரே முறையைப் பழகிக்கொண்டீர்கள். பின்னாலிருந்து பிடிப்பதில்லை, உலுக்குவதில்லை, கையில் இரும்பு திணிப்பதில்லை, வாயில் தண்ணீர் ஊற்றுவதில்லை. முன்னால் சற்றுத் தள்ளி நின்று, தாழ்ந்த குரலில் இன்றைய திகதியையும் இடத்தையும் சொல்கிறீர்கள். பாதத்தை நிலத்தில் ஊன்றச் சொல்லி, கண்ணில் படும் ஐந்து பொருளின் பெயரைக் கேட்கிறீர்கள். கலியாண வீட்டில் வெடி கொளுத்த முன் வந்து அறிவிக்கிறீர்கள். போரில் எறிகணைச் சத்தத்தைக் கேட்ட காதுக்கு அந்த ஒரு சொல் எவ்வளவு பெரிய உதவி!

பூசாரி ஐயாமாருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். திருவிழாவில் உரு வந்து ஆடி, பூசை முடிய அடங்குவது நோயல்ல. வேண்டாத நேரத்தில் வந்து வாழ்க்கையைக் குலைப்பது வேறு. இதைப் பிரித்தறிந்து, அடிக்காமல், புகை போடாமல், நூலைக் கட்டி “கிளினிக்கையும் விடாதே பிள்ளை” என்று அனுப்பினீர்கள்.

நேற்றுப் படித்ததை இன்று அறியாத பிள்ளையைப் பொய்க்காரி என்று அடிக்காமல், கொப்பியில் திகதியிட்டு எழுதவைத்த ஆசிரியர்களுக்கும், கையொப்பம் மாறி மாறி விழுவதைக் கண்டு பெருவிரல் அடையாளத்துக்கு வழி செய்த வங்கி அலுவலர்களுக்கும் நன்றி.

இடமாற்றம் கிடைத்ததும் புதிய வைத்தியரைப் பக்கத்தில் இருத்தி அறிமுகம் செய்து, ஒரு பக்கக் குறிப்பு எழுதிவைத்துப் போனவர்களையும் மறக்கமாட்டோம். எந்தப் பெயரில் கூப்பிடுவது, எது கிளறும், எது அமர்த்தும், மருந்தும் அளவும் என்ன, இரவில் யாரை அழைப்பது என்ற ஐந்தும் அதில் இருந்தன. இனி வருபவர்களும் அப்படியே எழுதிவையுங்கள். இரவில் யாரும் கிடைக்காவிட்டால் அழைக்க, தேசிய உளநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தையும் அதன் அடியில் குறித்துவிடுங்கள்.

பாதிக்கப்பட்டோரும் குடும்பத்தாரும்,
வன்னி