ரங்கா, அந்தப் பணத்தைக் கட்டாதே

திருச்செங்கோடு
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்புள்ள ரங்கா,

இங்கு நலம். மஞ்சளை இன்னும் விற்காமல் வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். உன் பிடிவாதம் இன்னும் குறையவில்லை. அதை நேரில் பேசிக்கொள்வோம். இந்தக் கடிதம் வேறு விஷயத்துக்கு.

நேற்று மரகதம் எங்கள் வீட்டுக்குப் போன் செய்தபோது பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டாள். உன் பையன் சரவணனுக்குக் கப்பலில் வேலை வாங்கித் தருவதாக ஒருவன் ஆறு லட்சம் கேட்கிறானாம். கிணற்றுமேட்டுத் தோப்பை அடமானம் வைத்து வெள்ளிக்கிழமை நீ பணம் கட்டப் போகிறாயாம். கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. போனில் சொன்னால் "சரி, பார்க்கலாம்" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதி, நாளைக் காலை பெருந்துறைக்கு வரும் செல்வத்திடம் கொடுத்தனுப்புகிறேன். மரகதத்தின் மேல் கோபப்படாதே. அவள் சொன்னது நல்லதாகப் போயிற்று.

முதலில் உன்னோடு எனக்கு இருக்கும் வழக்கைப் பேசிவிடுகிறேன். ஒரு வருடமாக அந்தப் பையனை "ஊர் சுற்றிப் பிழைப்பதும் ஒரு பிழைப்பா?" என்று கேட்டே குத்தினாய். நம் பக்கத்தில் பிறந்தவன் வாயில் வரக்கூடிய பேச்சா இது? மலை மறைவில் கிடக்கும் நாடு நம்முடையது. மேற்கே பெய்கிற மழை நமக்கு வருவதற்குள் தீர்ந்துவிடுகிறது. தோண்டினால் பாறை. மண்ணை மட்டும் நம்பியிருந்தால் பாதிக் குடும்பங்களில் அடுப்பு எரிந்திருக்காது. நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் லாரி கட்டினார்கள், ஓட்டினார்கள். பவானி ஜமக்காளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். கோவையில் நூற்பு இயந்திரம் செய்கிற கம்பெனிகளின் எரெக்‌ஷன் ஆட்கள், இயந்திரம் எந்த ஊர் மில்லுக்குப் போகிறதோ அங்கேயே மாதக்கணக்கில் தங்கி, அதை நிறுத்தி, மட்டம் பார்த்து, நூல் ஓடவிட்டுவிட்டுத்தான் திரும்புவார்கள். போர்வெல் துளை போடும் என் ஊர் ரிக் வண்டிகள் ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் நிற்கின்றன, கப்பலேறி ஆப்பிரிக்காவுக்கும் போயிருக்கின்றன. சொந்த நிலத்தில் தண்ணீர் தேடிப் பாறையைக் குடைந்து பழகியவர்களுக்கு ஊரான் பாறை பெரிதாகத் தெரியவில்லை. உன் தோப்புக்குப் போட்ட போர்வெல் பணம் எங்கிருந்து வந்தது என்று உன் மாமனாரைக் கேட்டுப் பார்.

நான் ரிக்கோடு போன காலம் உனக்குத் தெரியும். துளை போடும் வண்டி ஒன்று, ராடு, டீசல், அரிசி மூட்டை, சமையல்காரர் எல்லாம் ஏற்றிய சாமான் வண்டி ஒன்று. ஓர் இரவை மட்டும் சொல்கிறேன். இன்று சத்தீஸ்கர் என்கிறார்கள், அப்போது அது மத்தியப் பிரதேசம். 280 அடி போயும் வெறும் புழுதிதான். நிலத்துக்காரர் கயிற்றுக் கட்டிலைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார். டிரில்லர் ஒவ்வொரு ராடு இறங்கும்போதும் வெளியே வரும் தூளைக் கையில் பிடித்துப் பிசைவார். உதிர்ந்தால் அடுத்த ராடு. 300 அடியைத் தாண்டியதும் தூள் கறுத்தது, பிசைந்தால் உருண்டை பிடித்தது. கொஞ்ச நேரத்தில் துளையிலிருந்து சேறு பீறிட்டது, பின்னாலேயே தண்ணீர். இரண்டு இஞ்சுக்குக் குறையாது. அந்த வீட்டுப் பாட்டி இருட்டில் நடந்து வந்து எங்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு வெல்லக்கட்டியை வைத்தார். அவர் பேசியதில் ஒரு சொல்கூட எனக்குப் புரியவில்லை. ஆனால் அந்த ஊரில் எங்களுக்கு ஒரு வேலை இருந்தது. அதனால் ஓர் இடமும் இருந்தது.

இதைத்தான் சரவணனிடமும் சொன்னேன். ஊர் பார்க்க வேண்டும் என்று வேலை தேடுகிறவன் சீக்கிரம் களைத்துத் திரும்பிவிடுவான். போகிற இடத்துக்குத் தேவையான தொழில் ஒன்று கையில் இருந்தால், அவனை ஆள் வைத்துக் கூப்பிட்டுப் போவார்கள். உன் பையன் கையில் அது இருக்கிறது. போன மாதம் அவன் இங்கே வந்திருந்தபோது என் தோட்டத்து மோட்டார் ஓடவில்லை. மெக்கானிக் மோட்டாரைக் கழற்றி வைண்டிங் மாற்ற வேண்டும் என்று சொல்லிப் போயிருந்தார். இவன் மின்காப்பைச் சோதிக்கும் மெகர் கருவியை வைத்துப் பார்த்தான். மோட்டார் பக்கம் கை வைப்பதற்கு முன்னால் கேபிளை அடி அடியாகத் தடவிக்கொண்டே போய், ஓரிடத்தில் நின்று, "மாமா, இந்த ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்கியிருக்கிறது" என்றான். வெட்டி, துடைத்து, புதிதாக இணைத்து, மேலே டேப் சுற்றினான். அந்தச் சுற்றைப் பார்த்திருக்க வேண்டும் நீ. ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் பாதியை மூடிக்கொண்டு, ஒரே இழுப்பாக, சுருக்கமே இல்லாமல். மாலையில் தண்ணீர் பாய்ந்தது. இந்தக் கைக்கு யாராவது ஆறு லட்சம் கொடுத்து வேலை தேட வேண்டுமா, ரங்கா?

ரிக்கில் ஆள் எடுக்கும்போது நடக்கிற வழக்கத்தை யோசித்துப் பார். வண்டி புறப்படும் முன்னால் முதலாளி வீட்டுக்கு வந்து முன்பணம் கொடுப்பார். அந்தப் பணத்தில்தான் வீட்டில் அரிசி வாங்கிப்போட்டுவிட்டு நாங்கள் வண்டி ஏறினோம். வேலைக்குக் கூப்பிடுகிறவன் முன்பணம் தருவான். முன்பணம் கேட்கிறவனிடம் வேலை இல்லை. இது நம் ஊர் வழக்கம் மட்டுமில்லை, கடல் வேலைக்குச் சட்டமே இதுதான்.

நேற்றிரவு என் தங்கை மருமகனிடம் வெகுநேரம் பேசினேன். அவர் கப்பலில் இரண்டாம் இன்ஜினியர், இப்போது விடுப்பில் இருக்கிறார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். கடலோடிகளுக்கென்று 2006இல் ஓர் உலக உடன்படிக்கை போட்டார்கள். இந்தியா 2015இல் அதை ஏற்றுக்கொண்டது. வேலை வாங்கித் தருவதற்காகக் கடலோடியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. பாஸ்போர்ட், கடலோடிப் புத்தகமான சி.டி.சி., மருத்துவச் சான்று இவற்றின் செலவைத்தான் கடலோடியிடம் விடலாம். நம் நாட்டில் கப்பலுக்கு ஆள் எடுக்கும் கம்பெனி மும்பையிலுள்ள கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்திடம் ஆர்.பி.எஸ்.எல். என்ற உரிமம் வாங்கியிருக்க வேண்டும். உரிம எண்ணை இயக்குநரகத்தின் இணையதளத்திலேயே சரிபார்க்கலாம். உன் ஆள் எந்த எண்ணையாவது காட்டினானா? "பயிற்சியெல்லாம் தேவையில்லை, வேறு நாட்டு சி.டி.சி. வாங்கித் தருகிறேன், சுற்றுலா விசாவில் துபாய் போனால் அங்கே கப்பல் ஏறலாம்" என்று சொன்னதாக மரகதம் சொன்னாள். இந்த மூன்றையும் கேட்டதும் மாப்பிள்ளை தலையில் கை வைத்துக்கொண்டார். அப்படிப் போன பையன்கள் கப்பலே இல்லாமல் அறையில் அடைந்து கிடந்த கதையும், சம்பளம் தராத ஓட்டைக் கப்பலில் நங்கூரத்தோடு நின்றுபோன கதையும் அவரிடம் நிறைய இருக்கின்றன. அதையெல்லாம் எழுதினால் மரகதம் தூங்க மாட்டாள்.

நேர்வழி இருக்கிறது என்பதுதான் எனக்கு ஆறுதல். சரவணன் இ.இ.இ., அதாவது மின், மின்னணுப் பொறியியல் படித்தவன். அவன் படிப்புக்கு நேரான பதவி கப்பலில் இருக்கிறது: எலக்ட்ரோ டெக்னிக்கல் ஆபீசர், சுருக்கமாக இ.டி.ஓ. 2010இல் மணிலாவில் உலக விதிகளைத் திருத்தியபோது அதற்கென்று தனிச் சான்றிதழ் கொண்டுவந்தார்கள். பட்டம் பெற்றவர்கள் இயக்குநரகம் அங்கீகரித்த பயிற்சிப் பள்ளியில் ஏறக்குறைய நான்கு மாதம் படிக்க வேண்டும். அதற்குக் கட்டணம் உண்டு. அது பள்ளியின் பெயரில், வங்கி வழியாக, ரசீதோடு கட்டுகிற பணம். அதற்கு நீ தோப்பை அடமானம் வைத்தால்கூட நான் குறுக்கே நிற்க மாட்டேன், அதற்கு முன் என்னிடம் இருப்பதைக் கேள். கண் பரிசோதனையை மட்டும் முதலிலேயே செய்துவிடச் சொல்லுகிறார் மாப்பிள்ளை. நிறக்குருடு இருந்தால் எடுக்க மாட்டார்கள், பணம் கட்டிய பிறகு அது தெரிந்து பயனில்லை.

வேலை என்ன தெரியுமா? ஜெனரேட்டர், மோட்டார், கிரேன், அலாரம், 440 வோல்ட் மின்சாரம் ஓடுகிற அத்தனையும் அவன் பொறுப்பு. குளிரூட்டிய கன்டெய்னர்கள் நின்றுபோகாமல் பார்ப்பதும் அவன்தான். நாமக்கல் முட்டை வளைகுடாவுக்குப் போவது அந்தக் கன்டெய்னர்களில்தான். பெருந்துறைப் பையன் நடுக்கடலில் நாமக்கல் முட்டைக்குக் காவல் இருப்பான் என்று நினைக்கவே எனக்கு நெஞ்சு நிறைகிறது.

ஆனாலும் இன்னொன்றை அவனிடம் நீ சொல்ல வேண்டும், நானும் சொல்வேன். என் மூத்தவள் முதல்முதலாக நடந்ததை நான் பார்க்கவில்லை. அம்மாவுக்குக் கடைசியாக உடம்பு முடியாமல் போனபோது தந்தி என்னைத் தேடிப் பிடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இன்று போன் இருக்கிறது, கப்பலிலும் இணையம் வந்துவிட்டது என்கிறார்கள். நான்கு முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இறங்கிவிடலாம், ஊர் வந்து சேரும் செலவும் கப்பல்காரருடையது. இருந்தாலும் பொங்கலுக்கு அவன் தட்டு காலியாக இருக்கும். மரகதம் அழுவாள். நீ அழுவதை வெளியே காட்ட மாட்டாய், எனக்குத் தெரியும். இதைத் தெரிந்துகொண்டு அவன் போகட்டும். ஏமாந்து போவது வேறு, தெரிந்து போவது வேறு.

கடல் வேண்டாம் என்று அவனே முடிவு செய்தாலும் வழி அடைபடவில்லை. பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலை பராமரிக்கும் ஆட்களுக்கு ராஜஸ்தான், குஜராத் என்று மாறி மாறி வேலை இருக்கிறது. உயரத்துக்குப் பயமில்லாதவன் அவன், கோயில் தேர் அலங்கரிக்கும்போது பார்த்திருக்கிறாயே. எரெக்‌ஷன் வேலையும் இருக்கிறது. வெளிநாட்டில் தரை வேலை என்று யாராவது வந்தால், அந்த ஏஜென்ட் 1983ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி பதிவு செய்தவரா என்று பார்க்க வேண்டும். அவர்கள்கூட 30,000 ரூபாய்க்கும் அதற்குரிய வரிக்கும் மேல் வாங்கக் கூடாது. ஆறு லட்சம் எங்கே, இது எங்கே!

உன் மகள் திவ்யா மடிக்கணினியோடு ஐரோப்பாவில் உட்கார்ந்து வேலை செய்யலாமா என்று கேட்டிருந்தாள். எஸ்டோனியா போன்ற சில நாடுகள் அதற்கென்றே தனி விசா தருகின்றன, எஸ்டோனியா 2020இல் தொடங்கியது. படிப்பை முடிக்கட்டும், பிறகு பேசலாம். இதையும் சேர்த்து நீ இன்றே கவலைப்பட ஆரம்பிக்காதே.

இனிச் செய்ய வேண்டியது. தோப்புப் பத்திரம் வங்கி லாக்கரிலேயே இருக்கட்டும். அந்த ஆளுக்குப் போன் செய்து ஆர்.பி.எஸ்.எல். எண்ணையும், கப்பலின் பெயரையும், வேலை ஒப்பந்தத்தையும் எழுத்தில் கேள். பாஸ்போர்ட்டை அவன் கையில் கொடுத்திருந்தால் நாளையே திரும்ப வாங்கிவிடு. முன்பணம் ஏதாவது ஏற்கெனவே கொடுத்திருந்தால் மறைக்காமல் என்னிடம் சொல், திட்ட மாட்டேன், இருவரும் சேர்ந்து போய்க் கேட்போம். சரவணனை புதன்கிழமை காகிதங்களோடு இங்கே அனுப்பு. மாப்பிள்ளை அன்று மாலை வருகிறார், அவனோடு உட்கார்ந்து பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். நீயும் வந்தால் நல்லது. வராவிட்டால் வியாழக்கிழமை காலை நான் உன் வீட்டு வாசலில் இருப்பேன்.

செல்வத்திடம் பதில் எழுதிக் கொடு. இரண்டு வரி போதும்.

உன்
பொன்னு