கொழுப்புக்குப் பயந்து கடலையை ஒதுக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இரத்தத்தில் கொழுப்பு கூடிவிட்டதாக மருத்துவர் சொன்ன மறுநாளே நம் வீடுகளில் ஒதுக்கப்படுவது வேர்க்கடலையும் பாதாமும்தான். தே தாரிக் எனும் இனிப்புப் பால் தேநீரும் அதில் தோய்த்துத் தின்னும் பிஸ்கட்டும் தட்டாமல் தொடர்கின்றன. இந்தப் பத்தியம் தலைகீழானது.

கொட்டைகளில் கொழுப்பு மிகுதி என்பது உண்மையே. ஆனால் அதில் பெரும்பங்கு நல்ல கொழுப்பு எனப்படும் நிறைவுறாக் கொழுப்பு. நெய்யிலும் தேங்காய்ப்பாலிலும் உள்ள நிறைவுற்ற கொழுப்புக்குப் பதிலாக அதை உண்ணும்போது கெட்ட கொலஸ்ட்ரால் குறைகிறது. ஸ்பெயினில் இதயநோய் வரும் வாய்ப்பு மிகுந்த 7,000க்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்டு, 2013இல் வெளியாகி, நடைமுறைக் குறைகள் தெரியவந்ததால் மீட்டுக்கொள்ளப்பட்டு, 2018இல் திருத்தி வெளியிடப்பட்ட பிரெடிமெட் ஆய்வு கொட்டைகளால் இதயத்துக்கு விளையும் நன்மையைத் தெளிவாக்குகிறது. ஆலிவ் எண்ணெய், காய்கனி, மீன் மிகுந்த மத்தியதரைக் கடல் உணவுமுறையுடன் நாள்தோறும் 30 கிராம் வால்நட், பாதாம், ஹேசல்நட் கலவையை உண்டவர்களுக்கு, கொழுப்பைக் குறைக்கும்படி அறிவுறுத்தப்பட்டவர்களைவிட மாரடைப்பும் பக்கவாதமும் குறைவாகவே நேர்ந்தன. மலேசியாவின் 2019ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. மலேசிய இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம். பிஸ்கட்டைப்போல் இரத்தச் சர்க்கரையைச் சட்டென உயர்த்தாத ஓர் உணவை நாம் விலக்குவது வேதனைக்குரியது.

பாதாமின் விலை கட்டுப்படியாகாதவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. வேர்க்கடலை பருப்பினத்தைச் சேர்ந்ததாயினும் நல்ல கொழுப்பிலும் புரதத்திலும் பாதாமுக்குச் சளைத்ததன்று. ஒரு கைப்பிடி போதும். அதுவே ஏறத்தாழ 170 கலோரி என்பதால், பலகாரத்துக்கு மேலதிகமாக அல்ல, அதற்கு மாற்றாகவே உண்ண வேண்டும். எண்ணெயில் பொரித்து உப்புத் தூவிய கச்சாங் பூத்தே என்னும் கடலைக் கலவையை இந்தக் கணக்கில் சேர்க்க இயலாது.

நம் பினாங்கின் ஈரக்காற்றில் சேமிப்புக்குத் தனிக் கவனம் தேவை. சுருங்கியது, நிறம் மாறியது, பூசணம் பிடித்தது, வாயில் வைத்ததும் கசப்பது ஆகியவற்றைத் தயங்காமல் எறிந்துவிட வேண்டும்; கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கவல்ல அஃப்லடாக்சின் நச்சு வறுத்தாலும் முழுமையாக நீங்காது. சிறிதளவே வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் குளிர்பெட்டியில் வைப்பது நல்லது.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குச் செல்லும் வழியில் பந்தல் அமைக்கும் அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். இனிப்புப் பானங்களைக் குறைத்து, அவித்த வேர்க்கடலையும் வழங்குங்கள். ஒவ்வாமை உள்ளவர்களுக்காக அறிவிப்புப் பலகை ஒன்றை வையுங்கள். தொண்டையில் அடைத்துக்கொள்ளும் என்பதால் சிறு குழந்தைகளின் கையில் முழுக்கடலையைக் கொடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
வாசகி,
ஜெலுத்தோங், பினாங்கு