வேகவச்ச கடலை வித்த ஊரு

அம்மு,

நல்லா இருக்கியாடி. ஞாயித்துக்கெழம நீ போன்ல பொலம்பினது இன்னும் காதுலயே இருக்கு, "ஜார்ஜியாவுல இந்த சம்டர் கவுண்டில மாடும் மரமும் தவிர என்னம்மா இருக்கு, அட்லாண்டாவுக்கு மாத்திக்கிட்டு ஓடிடறேன்"னு. மாத்திக்கறது உன் இஷ்டம், நான் குறுக்க நிக்கல. ஆனா ஒண்ணுமே இல்லாத ஊருன்னு சொன்னியே அது எனக்கு பொறுக்கல. போன்ல சொன்னா "சரிம்மா சரிம்மா"ன்னு கட் பண்ணிடுவ, அதான் டைப் பண்றேன், ட்யூட்டி முடிச்சிட்டு படி.

நான் வந்திருந்தப்ப ப்ளெயின்ஸ் போனோமே ஞாபகம் இருக்கா? உங்க ஊர் அமெரிக்கஸ்ல இருந்து பத்து மைல் தான். பல்லக் காட்டி சிரிக்கற 13 அடி கடலை சிலை கிட்ட ஒரு போட்டோ எடுத்துட்டு நீ கார்ல ஏசி போட்டு உக்காந்துட்ட. நான் கடையில வேகவச்ச கடலை வாங்கினேன், தோலோட, உப்புத்தண்ணி சொட்ட சொட்ட, அப்படியே நம்ம மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்ட் கடலைடி! பின்னாடி அமெரிக்க ஜனாதிபதியான ஜிம்மி கார்ட்டர் அஞ்சு வயசுல இதத்தான் அந்த தெருவுல பை அஞ்சு சென்ட்னு வித்தாராம். முந்தின நாளே செடியப் புடுங்கி, கழுவி, ராத்திரி பூரா உப்புத்தண்ணில ஊறப்போட்டு, விடியக்காலைல வேகவச்சு, ஆர்ச்சரில இருந்த அவங்க பண்ணைல இருந்து ரயில் தண்டவாளத்து மேலயே நடந்து வருவாராம். வீட்டுக்கு கரண்ட் வந்ததே 1938லதான்.

சரி அவர எல்லாருக்கும் தெரியும். எனக்கு அவர விட அவங்க அம்மா லில்லியன தான் புடிச்சுது, என்ன மாதிரி நர்ஸ் இல்லையா. பக்கத்துல இருந்த கருப்பினத்து ஜனங்களுக்கு காசு வருதோ வரலையோ ஓடி ஓடி வைத்தியம் பாப்பாங்களாம். கருப்பினத்து ஜனங்க பின்வாசல் வழியா தான் வரணும்ங்கற காலத்துல, அங்க இருந்த கருப்பின பிஷப்போட பையன் இவங்க வீட்டு முன்வாசல் வழியா உள்ள வருவானாம், வீட்டுக்காரருக்கு புடிக்காம அவர் எந்திரிச்சு வெளிய போயிடுவாராம், இந்தம்மா அசர்றதில்ல. பின்னாடி மருமகளா வந்த ரோசலின் பொறந்தப்ப பிரசவம் பாத்ததும் இவங்கதான்! அப்புறம் 1966ல, 68 வயசுல, வெளிநாட்டுக்கு தொண்டர்கள அனுப்பற அமெரிக்க அரசோட பீஸ் கோர்ல சேந்து எங்க வந்தாங்க தெரியுமா? பம்பாய் விக்ரோலிக்கு. மொதல்ல குடும்பக்கட்டுப்பாடு பிரச்சாரத்துல போட்டாங்க, அது ஒத்து வரல, கிளினிக்குக்கு மாறிட்டாங்க, தொழுநோயாளிங்களையும் தொட்டு வைத்தியம் பாத்தாங்க. ரிட்டையர் ஆனதுல இருந்து முட்டி வலிக்குதுன்னு சோபாவ விட்டு நகராம கெடந்தேனே, அத நெனச்சு வெக்கமா போச்சு.

அட்லாண்டிக் கடல தனியா பறந்து தாண்டின விமானி லிண்ட்பெர்க் 1923ல மொத சொந்த விமானத்த 500 டாலருக்கு வாங்கினதும் உங்க ஊர் சதர் ஃபீல்டுலதான். அது கெடக்கட்டும்.

நீ போய்ப் பாக்க வேண்டியது கொய்னோனியா பண்ணை. கிளாரன்ஸ் ஜோர்டன்னு ஒருத்தர், பைபிள கிரேக்கத்துலயே கரைச்சுக் குடிச்ச டாக்டரேட்டு, 1942ல நண்பர் ஒருத்தரோட அங்க நெலம் வாங்கி கருப்பு வெள்ளை எல்லாரையும் ஒரே பந்தில உக்கார வச்சு ஒரே கூலி குடுத்தார். நம்மூர்ல சமபந்தின்னா எத்தன பேருக்கு வயிறு எரிஞ்சுது, அதே கதைதான் அங்கயும், 1956ல இருந்து ஊரே சேந்து பண்ணைக்காரங்களுக்கு எதையும் விக்கல, அவங்ககிட்ட எதையும் வாங்கல, இன்ஷூரன்ஸ் போச்சு, ரோட்டோரக் கடைக்கு குண்டு வச்சாங்க, வீட்ட பாத்து சுட்டாங்க. மனுஷன் பீக்கான் கொட்டைய தபால்ல வித்து பொழச்சார். "ஜார்ஜியாவுல இருக்கற நட்ஸ வெளிய அனுப்ப உதவுங்க"ன்னு விளம்பரம்! நட்ஸ்னா அங்க கிறுக்கனுங்கன்னும் அர்த்தமாமே. அந்த அடியிலயும் குசும்பு பாரு. ஏழைங்களுக்கு லாபம் பாக்காம வீடு கட்டித்தர்ற ஹேபிடட் அமைப்ப, கோடீஸ்வர சொத்தெல்லாம் விட்டுட்டு வந்த மில்லர்ட் ஃபுல்லர் 1976ல ஆரம்பிச்சதும் இந்தப் பண்ணைல மொளச்ச யோசனைல இருந்துதான்.

இன்னொண்ணு சொல்லாம இருக்க முடியல. 1963 ஜூலைல அமெரிக்கஸ் தியேட்டர்ல முன்வாசல் க்யூவுல நின்னு டிக்கெட் கேட்டதுக்காக கருப்பினத்து பொண் புள்ளைங்கள புடிச்சுட்டு போயி, லீஸ்பர்க்ல ஒரு பாழடஞ்ச கட்டடத்துல அடைச்சு வச்சாங்க. 12, 13 வயசு புள்ளைங்கடி. கக்கூஸ் வேல செய்யல, படுக்க கட்டில் இல்ல, எங்க இருக்குதுங்கன்னு பெத்தவங்களுக்கு தகவல் கூட சொல்லல, ஒன்றரை மாசம் போல அப்படியே அடைச்சு வச்சிருந்தாங்க. நான் அத வாசிச்சுட்டு எந்திரிச்சு போயி உன் பழைய ஸ்கூல் போட்டோவ பாத்துட்டு வந்தேன். இப்ப அவங்களுக்கு எழுபது தாண்டி இருக்கும். உன்கிட்ட பிரஷர் பாக்க வர்ற பாட்டி ஒருத்தங்க அதுல இருந்தவங்களா இருக்கலாம், நீ மெஷின மட்டும் பாத்து எழுதிட்டு அனுப்பாத, ரெண்டு வார்த்த பேசு.

மார்ச்சுல டிக்கெட் போடறேன். இந்த தடவ கார்ல உக்காரக் கூடாது. கொய்னோனியால இன்னும் பீக்கான் விக்கறாங்களாம், ரெண்டு பாக்கெட் வாங்கி வை, ஒண்ணு அப்பாவுக்கு, சர்க்கரை போடாதது.

அம்மா