நாவாய் அருங்காட்சியகம் அமைப்பவர்களுக்கு, படகுக்குப் பெயர் எழுதுகிறவன் மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மா, வணக்கம்.

இராமநாதபுரம் மாவட்டத்தில் 21 கோடி ரூபாயில் நாவாய் அருங்காட்சியகம் அமைக்கப்படும் என்று 2025 மார்ச் மாத நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். செய்தி காதில் விழுந்த நேரம் நான் ஒரு வள்ளத்துக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன், கையில் பிரைமர் டப்பா. மகன் கைப்பேசியைச் சத்தமாக வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். "அப்பா, நம்மூருப் படகுக்கு மியூசியமாம்" என்றான். சந்தோஷத்தில் எழுந்திரிக்கப் பார்த்து, ஏராவில், அதாவது படகின் அடிக்கட்டையில், தலையை இடித்துக்கொண்டேன். அன்றிலிருந்து உங்களுக்கு எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்து, இப்போதுதான் உட்கார்ந்தேன்.

எனக்குத் தொழில் படகுக்குப் பெயர் எழுதுவது. பெயர், பதிவு எண், படகின் முன்பக்கமான அணியத்தில் இரண்டு பக்கமும் ஒரு மாதாவோ பிறையோ வேலோ, உடையவர் விருப்பம்போல. ஒரே கரையில் காலையில் அந்தோணியார், மத்தியானம் அல்லாஹ் துணை, வெயில் தாழ முனியசாமி துணை என்று எழுதியிருக்கிறேன். டப்பா ஒன்று, பிரஷ்ஷும் ஒன்று.

முதலில் பெயரில் எனக்கொரு சின்ன மனத்தாங்கல். நாவாய் நல்ல சொல்தான், கப்பலுக்குப் பழம்பாட்டுச் சொல். ஆனால் எங்கள் கரையில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. வத்தை என்போம், வள்ளம், தோணி என்போம், இப்போது எல்லாம் ஃபைபர் என்றாகிவிட்டது. பெயரை மாற்றச் சொல்லவில்லை. உள்ளே போகிற பாம்பன்காரரோ மோர்ப்பண்ணைக்காரரோ இது நம்ம சமாச்சாரம் என்று நினைக்க, வாசலுக்குப் பக்கத்தில் எங்கள் வார்த்தையும் ஒன்று இருக்கட்டும் என்கிறேன்.

அழகன்குளத்துப் பொருள்கள் அங்கே வரும் என்று நினைக்கிறேன். வைகை கடலில் சேருகிற இடத்துக்குப் பக்கத்து ஊர். 1986-ல் தொடங்கித் தொல்லியல் துறை பல தடவை தோண்டியிருக்கிறது, 2016-17-லும் தோண்டினார்கள். ரோமானியக் காசு, மதுச்சாடி உடைசல், தமிழி எழுத்துள்ள பானையோடு, சங்கு வளையல் என்று நிறையக் கிடைத்தது. என்னை விடாமல் பிடித்துக்கொண்டது அந்தக் கப்பல் ஓடுதான். பானையோட்டில் யாரோ ஒருத்தர் கூர்மையான எதையோ வைத்துக் கப்பலொன்றைக் கீறியிருக்கிறார். ரோமானியக் கப்பலின் சாயல் என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். படத்தைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது வேறு. இது கப்பலைத் தூரத்தில் நின்று வேடிக்கை பார்த்தவன் கீறியதில்லை. கயிறு எங்கே போய் எங்கே கட்டுகிறது என்று தெரிந்த கை. எங்களிடம் பெயர் எழுதப் பழக வருகிற பையன்கள் முதலில் பாயைத்தான் போடுவார்கள், அதைத் தாங்குகிற மரம் பிறகு வரும். கடலுக்குப் போய்வந்த பையன் மரத்தைப் போட்டுவிட்டுத்தான் பாய்க்கு வருவான். அந்த ஓட்டை உங்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கும்போது ரோம வணிகம் பற்றி நாலு வரி எழுதுவீர்கள், எழுதுங்கள். கீறினவரைப் பற்றியும் ஒரு வரி எழுதுங்கள். என் தொழிலுக்கு அவர்தான் மூத்தவர்.

இராமலிங்க விலாசத்துக்குப் போனாலும் எனக்கு இதே புத்திதான். சேதுபதிகள் அரண்மனையின் சுவர் முழுக்கச் சித்திரம். முத்து விஜயரகுநாத சேதுபதி காலத்தில், பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீட்டியவை. இராமாயணக் கதை ஒரு பக்கம், தஞ்சை மராட்டியரோடு போர் ஒரு பக்கம், ராஜாவைப் பார்க்க வந்த தொப்பிக்கார வெள்ளையர்கள் ஒரு பக்கம். அந்த வெள்ளையர்கள் முன்னால் நிற்கும்போதெல்லாம் நான் யோசிப்பது ஒன்றுதான்: பாக் நீரிணையில் இடுப்பளவு தண்ணீர் எவ்வளவு தூரத்துக்கு! கப்பல் கரைக்கு வராது. இவர்களைத் தோணியில் ஏற்றி, வேட்டியை மடித்துக் கட்டிக் கரையில் இறக்கிவிட்டவர் எங்கள் ஊர்க்காரராகத்தான் இருந்திருப்பார். சுவரில் அவரைத் தேடத் தோன்றும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கட்டிடம் எழும்பும்போது எழும்பட்டும். அதற்கு முன்னாலும் பின்னாலும் கரையூர்களில் கண்காட்சி நடத்துங்கள், அதை மீன்பிடித் தடைக்காலத்தில் நடத்துங்கள். இதைச் சொல்லத்தான் மடலே.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. படகையெல்லாம் கரையேற்றி, பலகை மாற்றி, பெயின்ட் அடிப்பார்கள். எனக்கு அதுதான் சீசன், மற்றவர்களுக்கு அதுதான் கை சும்மா இருக்கிற காலம். பள்ளிக்கூடமும் லீவு. மற்ற மாதங்களில் நீங்கள் கூப்பிட்டாலும் வர முடியாது. ராமேசுவரம் பக்கம் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு முறை, மற்ற நாள் நாட்டுப்படகு முறை. ஒருத்தன் கரையில் இருந்தால் இன்னொருத்தன் கடலில் இருப்பான். கடலில் இல்லாதவன் தூங்குவான். காலை பத்து மணிக்குத் திறந்து மாலை ஐந்தரைக்குப் பூட்டுகிற இடத்துக்கு அவன் எப்போது வருவான்? ராத்திரி ஒன்பது வரை திறந்து வையுங்கள், கூட்டத்தைப் பாருங்கள்.

வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை, நடத்திப் பார்த்தேன். போன தடைக்காலத்தில் எங்கள் ஊர் வலைக்கூடத்தில் மூன்று நாள், நாங்கள் நாலைந்து பேர். பழைய மரத் துடுப்பு, ஓலைப்பெட்டி, சுறா எண்ணெய் வைத்திருந்த ஜாடி, 1964 புயலுக்கு முன்னால் தனுஷ்கோடியில் எடுத்த ஒரு கல்யாணப் போட்டோ என்று வீட்டுக்கு வீடு வாங்கி வந்து, வலைமேல் பரப்பி வைத்தோம். பொருளுக்குப் பக்கத்தில் அட்டை வேண்டுமே, நான்தான் எழுதினேன். வலையில் கட்டுகிற மிதப்புக்கு 'மிதப்பு' என்று எழுதி வைத்தேன். அன்று சாயந்திரமே ஒரு பெரியவர் வந்து, "ஏப்பா, இதைக் கட்டைன்னுதான சொல்லுவோம், எவன் எழுதுனது?" என்றார். கீழக்கரையிலிருந்து வந்திருந்த ஒரு காக்கா, அங்கே அண்ணனை அப்படித்தான் சொல்வார்கள், அவர் வாப்பா, அதாவது அப்பா, இன்னொன்று சொல்வார் என்றார். இளவட்டங்கள் "அது 'போயா' தாத்தா" என்றார்கள். அரைமணி நேரம் சண்டை. டீ வாங்கிக் கொடுத்துத்தான் ஓய்ந்தது. மறுநாள் அட்டையைக் கிழித்துவிட்டு எல்லாப் பெயரையும் வரிசையாக எழுதினேன். அதன்பிறகு வந்தவர்கள் பொருளை விட்டுவிட்டு அட்டையைப் படித்தார்கள், அடியில் தங்கள் ஊர்ச் சொல்லைச் சேர்க்கச் சொன்னார்கள். மூன்றாம் நாள் அட்டையில் இடம் இல்லை.

உங்கள் அருங்காட்சியகத்தில் அட்டைகள் அச்சடித்து ஒட்டப்படும், ஆங்கிலமும் இருக்கும், தப்பில்லை. அச்சடிக்கும் முன்னால் ஒரு நாள் வெறும் பென்சிலில் எழுதி வைத்து, தொண்டி, தேவிபட்டினம், பெரியபட்டினம், ஏர்வாடி ஆட்களைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். டீச் செலவு மட்டும்தான்.

அட்டையில் எனக்கு ஏன் இவ்வளவு கவலை என்றால், அதற்கொரு கதை உண்டு. சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு கண்காட்சிக்காக, யார் நடத்தியது என்பது இப்போது வேண்டாம், என் தாத்தாவின் கப்பியைக் கேட்டு வாங்கிப் போனார்கள். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது, பூவரசங்கட்டையில் கடைந்தது. பாயை ஏற்றும்போது கயிறு அதன்மேல்தான் ஓடும். பாய் கட்டுகிற கழியான பருமலை ஏற்றி இறக்கியே ஒரு பக்கம் விரல் புதைகிற அளவுக்குப் பள்ளம். மூக்குக்கிட்டே கொண்டுபோனால் இன்னும் மீன் எண்ணெய் வாடை அடிக்கும். திறப்பு விழா அன்று குடும்பத்தோடு போனேன். கப்பி நல்ல இடத்தில், விளக்குக்கு நேராக இருந்தது. அட்டையில் எழுதியிருந்தது: 'கிணற்றுக் கப்பி'.

அம்மா சிரித்துவிட்டாள். எங்கள் ஊரில் கப்பி போட்ட கிணறு ஏது? மணலில் முழங்கை ஆழம் தோண்டினால் ஊற்று. கொட்டாங்கச்சியால் மொண்டு குடத்தில் ஊற்றுவோம். அங்கே பொறுப்பாக நின்ற பிள்ளையிடம் சொன்னேன். "நோட் பண்ணிக்கிறேன் சார்" என்றது. கண்காட்சி முடிந்து கப்பியைக் கேட்டுப் போனபோது வேறு ஆள் இருந்தார். ரசீது கேட்டார். கொடுக்கும்போது யாரும் ரசீது தரவில்லையே! ஸ்டோரில் தேடிச் சொல்வதாகச் சொன்னார். இன்னும் சொல்லவில்லை.

ஆகவே ஊர்க்காரர்களிடம் பொருள் வாங்குகிறீர்கள் என்றால் போட்டோ எடுத்து, எண் போட்டு, கையெழுத்துப் போட்டுச் சீட்டுக் கொடுங்கள். இனாமாகக் கொடுத்தவர், இரவலாகக் கொடுத்தவர் என்று பிரித்து எழுதுங்கள். எங்கள் ஆட்கள் கூச்சப்பட்டுக் கேட்கமாட்டார்கள், நீங்களே கொடுக்க வேண்டும்.

கடல்பாசி எடுக்கிற பெண்களை மறந்துவிடாதீர்கள். கடல் என்றாலே ஆண்பிள்ளை, பாய்மரம், வணிகம் என்று போய்விடுகிறது பேச்சு. மன்னார் வளைகுடாவில் தீவுகளைச் சுற்றி முங்கிப் பாசி எடுக்கிறவர்கள் பெண்கள். சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, இடுப்பில் வலைப்பை. பாறையும் சிப்பியும் கிழிக்காமல் இருக்க விரல் விரலாகத் துணி சுற்றியிருப்பார்கள். எங்கள் வலைக்கூடத்தில் ஒரு அக்கா அந்தத் துணிச்சுருளை அவிழ்த்துக் கொடுத்தது. உப்பில் விறைத்து, விரலின் வடிவத்திலேயே நின்றது, பத்து சின்னக் குழாய் மாதிரி. வந்தவர்கள் அதிகநேரம் நின்றது அந்தப் பத்துக் குழாய் முன்னால்தான். அழகன்குளத்துச் சங்கு வளையலுக்குப் பக்கத்துப் பெட்டியில் வையுங்கள். ஈராயிரம் வருஷத்துக்கு முந்திய கையும் இப்போதைய கையும் பக்கத்தில் இருக்கட்டும்.

ஓவியக் கண்காட்சி வைத்தால் வெளியூர் ஓவியர்களைக் கூப்பிடுங்கள், வரட்டும், பாம்பன் பாலத்தை வரையட்டும். 1914-ல் திறந்த பழைய பாலம், 2025-ல் திறந்த புதுப்பாலம் இரண்டையும் எத்தனை பேர் வரைந்தாலும் சலிக்காது. கூடவே இரண்டு படகுப் பலகையை ஆணியடித்து நிறுத்தி, எங்களைப் போலப் பெயர் எழுதுகிறவர்களை ஜனங்கள் முன்னால் எழுதச் சொல்லுங்கள். 'ழ'வை அணியத்து வளைவில் பிசிறில்லாமல் இறக்குவது லேசுப்பட்ட வேலை இல்லை. இப்போது ஸ்டிக்கர் வந்துவிட்டது. இன்னும் பத்து வருஷம் கழித்துக் கூப்பிட்டால் ஆள் கிடைப்பது சந்தேகம்.

திறப்பு விழாவுக்கு மேடை, பொன்னாடை, இன்னிசை எல்லாம் இருக்கும். அதோடு ஒரு பாய்மரப் போட்டியும் விடுங்கள். தொண்டி, நம்புதாளைப் பக்கம் திருவிழாவை ஒட்டி விடுவது வழக்கம்தான், புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. காற்று ஓங்கும்போது வத்தைக்குக் குறுக்கே போட்ட பலகையின் நுனிக்கு ஓடிப்போய், கடலுக்கு மேலே நின்று ஆள்கனத்தால் சரிவைச் சமாளிப்பார்கள். பள்ளிப் பிள்ளைகள் அதைக் கரையில் நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்து அந்தக் கப்பல் கீறிய பானையோட்டைப் பார்த்தால், விளக்கிச் சொல்ல உங்களுக்கு வேலை குறையும்.

என்னால் ஆனது: அட்டை எழுத ஆள் வேண்டுமென்றால் வருகிறேன். பெயின்ட் உங்களுடையது, பிரஷ் என்னுடையது. தேதியை மட்டும் ஏப்ரல் பதினைந்துக்கு முன்னால் சொல்லிவிடுங்கள், அதற்குப் பிறகு படகுக்காரர்கள் என்னை விடமாட்டார்கள்.

இன்னொன்று. பொருள் சேகரிக்க நீங்கள் நாலு இடம் போவீர்கள், பழைய ஸ்டோர் அறைகளைத் திறப்பீர்கள். பூவரசங்கட்டைக் கப்பி ஒன்று கண்ணில் பட்டால் ஒரு தகவல் சொல்லுங்கள். ஒரு பக்கப் பள்ளம் மட்டும் ஆழமாக இருக்கும், ஓரத்தில் தாத்தா கத்தியால் கீறின மீன் ஒன்று இருக்கும், வால் பாதி அழிந்திருக்கும்.

இப்படிக்கு,
மண்டபம் பக்கத்தில் படகுக்குப் பெயர் எழுதுகிறவன்