மோரேயிலிருந்து வந்த பாட்டி

வியாசர்பாடி,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மச்சான்,

நலமா? முழங்கால் வலி தேவலையா? இங்கே மழைத் தண்ணீர் இந்த வருஷமும் வாசற்படி வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. அதை விடு, வேறு சேதி இருக்கிறது.

பின்வீட்டுக்கு ஒரு பாட்டி குடிவந்திருக்கிறார். பேரனுக்குத் துறைமுகத்தில் வேலை. விடிகாலை நாலு மணிக்கே வாசல் பெருக்குகிறார். ஏன் பாட்டி என்றால், "எங்க ஊர்ல கோடையில நாலரைக்கே விடிஞ்சிடும், பழகிப்போச்சு" என்கிறார். ஊர் மோரே. மணிப்பூரில், பர்மா எல்லை!

உன் அப்பா, "பர்மாவுக்குக் கப்பல் எதுக்குடா, நடந்தே போகலாம்" என்பாரே, நாம் சிரிப்போமே. அவர் சொன்னது சரிதான் மச்சான். 1962-ல் அங்கே ராணுவ ஆட்சி வந்து, கடை கண்ணியெல்லாம் அரசு எடுத்துக்கொண்ட கதை உன் வீட்டுக் கதைதான். அப்படிக் கப்பலில் வந்தவர்களில் சிலருக்கு இந்த ஊர் ஒட்டவே இல்லை. திமாப்பூர் வரை ரயில், அப்புறம் மலைப்பாதையில் இம்பால், மோரே. எல்லையைத் தாண்டிப் பழைய வீட்டுக்கே போய்விடலாம் என்று நினைப்பு. பர்மாக்காரர்கள் உள்ளே விடவில்லை. திரும்பி வரவும் மனசு வராமல் அந்த வாசலிலேயே குடிசை போட்டுவிட்டார்கள். பாட்டிக்கு அப்போது பதினோரு வயதாம்.

நான் மேப்பை விரித்துவைத்துப் பார்த்தேன். பர்மாவோடு நமக்கு எல்லை 1,643 கிலோமீட்டர். பெரும்பாலும் மலையும் காடும். மோரே இம்பாலிலிருந்து 110 கிலோமீட்டர் இருக்கும். பல்லேல் தாண்டினால் ஒரே ஏற்றம், அப்புறம் இறக்கம், கீழே கபாவ் பள்ளத்தாக்கு. எதிரே தமு ஊர். அந்தப் பள்ளத்தாக்கையே 1834-ல் வெள்ளைக்காரன் மணிப்பூரிடமிருந்து எடுத்து பர்மாவிடம் கொடுத்துவிட்டான். கோடு போட்டவர்கள் ஜனங்களைப் பார்க்கவில்லை. குக்கிகள் என்ற மலைவாழ் மக்களின் சொந்தபந்தம் இரண்டு பக்கமும் இருக்கிறது. நாகாலாந்தில் லோங்வா என்று ஒரு கிராமம், தலைவர் வீட்டுக்கு நடுவிலேயே எல்லை ஓடுகிறது! எல்லையோர மக்கள் 16 கிலோமீட்டர் வரை விசா இல்லாமல் போய்வர ஏற்பாடு இருந்தது. அதை நிறுத்துவதாக 2024-ல் டெல்லி அறிவித்தது.

பாட்டி தமிழ், மெய்தெய் (அதுதான் மணிப்பூரி), குக்கி, பர்மியம் நான்கும் பேசுவார். அங்கே அங்காள பரமேஸ்வரி கோயில்கூடக் கட்டியிருக்கிறார்கள். 2023 மே மாதம் மெய்தெய்களுக்கும் குக்கிகளுக்கும் கலவரம் வெடித்தபோது, இரண்டிலும் சேராத பாட்டி வீடும் எரிந்தது. அதைச் சொல்லும்போது குரல்கூட மாறவில்லை. பர்மா பஜாரில் நான் வாங்கிக் கொடுத்த அத்தோவை, அந்த பர்மா நூடுல்ஸைத்தான் அரைமணி நேரம் திட்டினார்.

நாம் ஏழாவது படிக்கும்போது உன் அப்பா சொல்லாமல் கொள்ளாமல் சென்ட்ரல் வரை போய், ராத்திரி திரும்பி வந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? அம்மாவோடு சண்டை என்றுதானே நினைத்தோம். கையில் துணிப்பையும் குடையும் வைத்திருந்தார்.

பொங்கலுக்கு வரும்போது அவருடைய ரங்கூன் போட்டோவை எடுத்துவா. எந்தத் தெரு என்று பாட்டி பார்க்க வேண்டுமாம்.

உன்
மச்சான்