கெட்ட மாதத்தில் போய்ப் பார்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் நலம். மருமகளும் குட்டிப்பயலும் நலமா? அங்கே டெட்ராய்டில் இன்னும் பனி விழுகிறது என்று போனில் சொன்னாய். ஏப்ரலிலும் பனியா என்று அப்பா ஒருமுறை நொந்துகொண்டார்.

அரிசோனாவின் பீனிக்ஸா, நியூ மெக்சிகோவின் ஆல்புகெர்க்கியா, எந்த ஊருக்குக் குடிபெயர்வது என்று கணக்குப் போட்டு நீ அனுப்பிய அட்டவணையை அப்பா அச்செடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்திருக்கிறார். அதன் மேல் சாம்பார் வேறு சிந்திவிட்டது. சம்பளம், வீட்டு விலை, வரி, பள்ளிகள், குற்றங்கள் என்று எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, கடைசியில் ‘வாழ்க்கைத் தரம்’ என்று ஒரு மதிப்பெண் போட்டிருக்கிறாய். பீனிக்ஸுக்கும் ஆல்புகெர்க்கிக்கும் இடையே மூன்றே மதிப்பெண் வித்தியாசம். அந்த மூன்றை வைத்துக்கொண்டுதான் இப்படித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறாய்.

இரண்டு ஊர்களிலும் குடித்தனம் நடத்தியவள் என்பதால் என் கருத்தைக் கேட்டிருக்கிறாய். சொல்கிறேன். ஆனால் ஒன்று: அப்பாவும் அம்மாவும் பீனிக்ஸை ஒட்டிய சாண்ட்லரில் இருக்கிறார்கள் என்பதைப் பீனிக்ஸின் கணக்கில் வரவு வைக்காதே. எங்களை நாங்கள் பார்த்துக்கொள்வோம். ஆல்புகெர்க்கி இங்கிருந்து சுமார் 420 மைல்தான், பேசன் வழியாகக் காரில் ஆறரை மணி நேரம். விமானத்தில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்.

நீ ஆல்புகெர்க்கியைப் பார்த்தது அக்டோபரில், பலூன் திருவிழாவின்போது. விடியற்காலையில் நூற்றுக்கணக்கான பலூன்கள் மேலே போவதைப் பார்த்து மருமகள் வாயடைத்து நின்றாள். 1972இல் 13 பலூன்களோடு தொடங்கிய விழா அது. தரைக்கு அருகே காற்று தெற்காகவும் அதற்கு மேலே வடக்காகவும் வீசுவதால், கிளம்பிய இடத்துக்கே பலூனைத் திருப்பிக் கொண்டுவர முடிகிற காலைகள் அந்த ஊருக்கு வாய்க்கின்றன. பீனிக்ஸுக்கு நீ வந்தது பிப்ரவரியில். நடுக்குளிர்காலத்தில் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு கொல்லையில் உட்கார்ந்து காபி குடித்தாய். பெண் பார்க்க வருகிறவர்களுக்குப் பட்டுப்புடவையில் காட்டுவதுபோல் இரண்டு ஊர்களும் உனக்கு முகம் காட்டியிருக்கின்றன. நான் மற்ற மாதங்களைச் சொல்கிறேன்.

பீனிக்ஸின் கோடை மே மாதத்தில் ஆரம்பித்துவிடும். நம் ஊர் அக்னி நட்சத்திரம் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் ஒரு வெயிலா என்று வந்த புதிதில் நானும் வீறாப்பாகத்தான் இருந்தேன். அங்கே உச்சி வெயில் சில வாரங்களில் இறங்கிவிடும், மாலையில் காற்று வரும். இங்கே 2023இல் தொடர்ந்து 31 நாட்கள் வெப்பம் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது 43 டிகிரி செல்சியஸைத் தொட்டது அல்லது தாண்டியது. அதைவிடக் கொடுமை இரவுதான். அதே ஜூலையில் தொடர்ந்து 16 நாட்கள், பின்னிரவில்கூட வெப்பம் 32 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கவில்லை. கான்கிரீட்டும் தாரும் பகலில் குடித்த சூட்டை ராத்திரி முழுவதும் கக்கிக்கொண்டிருக்கும். அந்த ஆண்டு, பீனிக்ஸ் இருக்கிற மாரிகோப்பா மாவட்டத்தில் வெப்பத்தால் இறந்தவர்கள் 645 பேர். அவர்களில் பெரும்பகுதியினர் வீடில்லாதவர்களும் வயதானவர்களும்தான். ஏசி பழுதாகிக் கிடந்த வீட்டுக்குள்ளேயே இறந்தவர்களும் உண்டு. இங்குள்ள பெரிய மின் நிறுவனம் ஜூன் 1 முதல் அக்டோபர் 15 வரை, கட்டணம் பாக்கி இருந்தாலும் வீடுகளுக்கு இணைப்பைத் துண்டிப்பதில்லை. துண்டித்தால் உயிர் போய்விடும் என்று பட்டுத் தெரிந்துகொண்டு வந்த விதி அது.

உனக்கு நல்ல வேலை, நல்ல வீடு, ஓடுகிற ஏசி எல்லாம் இருக்கும். செத்துவிடுவாய் என்று பயமுறுத்தவில்லை. நான் சொல்ல வருவது அன்றாடம் எப்படிப் போகும் என்பதை. ஜூலையில் மதியம் கடைக்குப் போய்விட்டு வந்தால் சீட் பெல்ட்டின் இரும்புக் கொக்கியைக் கைக்குட்டை சுற்றித்தான் தொட வேண்டும். நான் ஸ்டீயரிங்குக்கு அடுப்பங்கரைத் துணியே ஒன்று வண்டியில் வைத்திருக்கிறேன். தார்ச்சாலை 70 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அதில் தடுக்கி விழுந்து எழ முடியாமல் கிடந்த வயதானவர்களைத் தீக்காயத்தோடு மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். பூங்காவில் சறுக்குமரம் தனியே நிற்கும், ஒரு பிள்ளை கிட்டே போகாது. வெப்ப எச்சரிக்கை வந்த நாட்களில் கேமல்பேக் மலைப்பாதையையே பகலில் மூடிவிடுகிறார்கள். நடக்க வேண்டும் என்றால் காலை ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டும். அப்பா கிளம்புகிறார். இரண்டு வயதுப் பிள்ளையை எழுப்பி ஐந்து மணிக்கு நீ எங்கே கூட்டிப்போவாய்? காலை உணவு முடிந்ததும் வீட்டுக்குள், பிறகு வண்டிக்குள், பிறகு கடைக்குள். மிச்சிகனில் பனிக்குப் பயந்து நான்கு மாதம் உள்ளே இருக்கிறீர்கள் என்றால், இங்கே வெயிலுக்குப் பயந்து நான்கு மாதம் உள்ளே இருக்க வேண்டும்.

ஆல்புகெர்க்கி கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 5,300 அடியில் இருக்கிறது. பீனிக்ஸ் 1,100 அடிதான். அந்த உயரம்தான் எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால் குக்கர் இல்லாமல் துவரம்பருப்பு வேகாது என்பது ஒரு தொல்லை. ஆனால் ஜூலையில் பகல் 34 டிகிரி என்றால் ராத்திரி 19க்கு இறங்கிவிடும். சன்னலைத் திறந்து வைத்துத் தூங்கலாம். எங்கள் வாடகை வீட்டில் ஏசியே கிடையாது. கூரை மேல் ஒரு பெட்டி, அதற்குள் ஈரத் தட்டிகள், அவற்றின் வழியாகக் காற்றை இழுத்துக் குளிர்விக்கும் விசிறி. நம் ஊர் வெட்டிவேர்த் தட்டியின் தாயாதி என்று வைத்துக்கொள். காற்று உலர்ந்திருப்பதால் அதுவே போதும். ஜூலையில் மழை தொடங்கியதும் மட்டும் புழுங்கும். மாலையில் சாண்டியா மலை முழுதும் சிவந்து நிற்கும்போது தெருவில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் வெளியே இருப்பார்கள். ரியோ கிராண்டே கரையோரம் காட்டன்வுட் மரங்களுக்கு அடியில் 16 மைல் நீளத்துக்குச் சைக்கிள் பாதை இருக்கிறது. அதில் கார் குறுக்கே வராது. ஆகஸ்ட் முடிவில் பலசரக்குக் கடை வாசல்களில் கம்பிவலை உருளைக்குள் பச்சை மிளகாயைக் கொட்டி, கீழே எரிவாயுத் தீ வைத்துச் சுழற்றுவார்கள். தோல் கருகி வெடிக்கும். வாங்கி வந்து துவையல் அரைத்துப் பார், மருமகளுக்குப் பிடித்துவிடும்.

அங்கே கெட்ட மாதம் எது தெரியுமா? இதோ, இந்த ஏப்ரல்தான். மார்ச்சில் ஆரம்பித்து மே வரை காற்று. சும்மா காற்றில்லை, மண்காற்று. சாளரத்தின் இடுக்கில் ஈரத்துணி வைத்து அடைத்தாலும் சோற்றில் மணல் கடிபடும். உருண்டு வரும் முட்செடிகள் வேலியில் ஆளுயரத்துக்குக் குவிந்துவிடும். அதற்கு முன்பே ஜூனிப்பர் மகரந்தம் கிளம்பியிருக்கும். உனக்குச் சின்ன வயதிலிருந்தே தும்மல் உண்டு, குட்டிப்பயலுக்கும் அது வந்திருக்கிறது என்கிறாய். இதை உன் அட்டவணையில் காணோம்.

குற்றத்தைப் பற்றி நீ போட்டிருக்கும் எண் சரிதான். கார் திருட்டுக்கு அந்த ஊர் பேர்போனது. எங்கள் வண்டியின் கண்ணாடியை வாசலிலேயே உடைத்தார்கள். உள்ளே இருந்தது ஒரு பழைய குடைதான், அதையும் எடுத்துப் போனார்கள். குற்றமும் போதைப்பொருளும் மிஞ்சிப்போனதால் 2025இல் ஆளுநர் அவசரநிலை அறிவித்து, தேசியக் காவல்படையைப் போலீசுக்குத் துணையாக அனுப்பினார். வடகிழக்கு மேட்டுப் பகுதியிலோ பக்கத்து ஊரான ரியோ ராஞ்சோவிலோ வீடு பார்த்தால் நிம்மதி கொஞ்சம் கூடும்.

டாக்டர் விஷயத்தில்தான் அந்த ஊர் என்னை வெறுக்க வைத்தது. அந்த மாநிலம் முழுதும் மருத்துவர் பற்றாக்குறை. அப்பாவுக்கு நெஞ்சு படபடப்பு வந்தபோது இதயநோய் நிபுணரைப் பார்க்க மாதக்கணக்கில் தள்ளித் தேதி கொடுத்தார்கள். நாங்கள் இங்கே குடிபெயர்ந்ததற்கு அப்பாவின் வேலை மாற்றம் ஒரு காரணம் என்று ஊருக்குச் சொன்னோம். உண்மையான காரணம் இதுதான். பீனிக்ஸில் அந்தக் கவலை இல்லை. நீங்கள் இருவரும் முப்பதுகளில் இருக்கிறீர்கள், உங்களுக்கு இது அவ்வளவு பாரமாகத் தெரியாது. ஆனால் பிள்ளை இருக்கிற வீடு.

பிள்ளை என்றதும் இன்னொன்று. 2025 நவம்பரிலிருந்து நியூ மெக்சிகோவில் குழந்தைக் காப்பகத்துக்கான செலவை, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் அரசே ஏற்கிறது. பெற்றோர் வேலையிலோ படிப்பிலோ இருந்தால் போதும். இப்போது மாதாமாதம் காப்பகத்துக்கு நீ கொட்டிக்கொடுக்கிற தொகையை யோசித்துப் பார். அரிசோனாவின் 2.5 சதவீத ஒரே வரி விகிதத்தைப் பெரிய லாபமாக எழுதியிருக்கிறாய், அந்த வித்தியாசத்தை இது விழுங்கிவிடும். காப்பகத்தில் இடம் கிடைப்பதுதான் பாடு, அதற்கு முன்கூட்டியே பெயர் எழுதி வைக்க வேண்டும். அவன் பள்ளிக்குப் போகும் வயது வந்தால் கதை தலைகீழ். தேசிய அளவிலான மதிப்பீட்டுத் தேர்வுகளில் நியூ மெக்சிகோ பிள்ளைகள் கடைசி வரிசையில் நிற்கிறார்கள். சாண்ட்லரில் பள்ளிகளைப் பற்றி நான் குறை சொல்ல மாட்டேன்.

மருந்தாளுநரான மருமகளின் வேலையை உன் அட்டவணையில் தேடித் தேடிப் பார்த்தேன், காணவில்லை! உனக்கு இரண்டு ஊர்களிலும் வேலை தயார். அவளுக்கு? பீனிக்ஸ் 16 லட்சம் பேர் உள்ள நகரம், சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்தால் 50 லட்சத்தைத் தாண்டும். ஆல்புகெர்க்கியில் ஐந்தரை லட்சத்துக்குச் சற்று மேல். இங்கே ஒரு இடத்தில் மனம் ஒட்டாவிட்டால் வேறு இடத்துக்கு மாறிக்கொள்ளலாம். அங்கே பல்கலைக்கழகம், விமானப்படைத் தளம், சாண்டியா ஆய்வுக்கூடம் என்று பெரிய இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆய்வுக்கூடத்தில் பல வேலைகளுக்குக் குடியுரிமை கேட்பார்கள். வேலை உனக்கே போனாலும் அங்கே அடுத்தது தேடச் சிரமப்படுவாய்.

தண்ணீரைப் பற்றி இரண்டு வரி. பீனிக்ஸின் குழாயில் வருவதில் ஒரு பங்கு கொலராடோ ஆற்று நீர், 336 மைல் கால்வாயில் மேடேறி வருகிறது. 2022இல் அந்த ஆற்றில் அரிசோனாவின் பங்கைக் குறைத்தார்கள். அடி விழுந்தது பெரும்பாலும் பினால் மாவட்டத்துப் பருத்தி, குதிரைமசால் விவசாயிகளுக்கு, நகரத்துக்காரர்கள் புல்வெளியைக்கூட இழக்கவில்லை. ஆல்புகெர்க்கியும் கொலராடோவின் கிளையாறுகளிலிருந்து மலையைக் குடைந்து தண்ணீர் கொண்டுவருகிறது. அதே 2022 ஜூலையில் ரியோ கிராண்டே நகருக்குள்ளேயே வறண்டு மணலாகக் கிடந்தது. இதில் எந்த ஊரும் மற்றதைப் பார்த்துச் சிரிக்க முடியாது.

பீனிக்ஸுக்கு ஒரு நியாயம் செய்துவிடுகிறேன். கொல்லையில் முருங்கை காய்த்துத் தள்ளுகிறது. ஆல்புகெர்க்கியில் நவம்பர் உறைபனி அதைக் கருக்கிவிடும். கறிவேப்பிலையைத் தொட்டியில் வைத்து வீட்டுக்குள் தூக்கித் தூக்கி என் இடுப்பு போனதுதான் மிச்சம். சாண்ட்லரில் இட்லி அரிசி வேண்டுமென்றால் பத்து நிமிடம். மாரிகோப்பா என்ற ஊரில் பிள்ளையார் கோயில் இருக்கிறது, குட்டிப்பயல் வளர்ந்தால் தமிழ்ப் பள்ளி இருக்கிறது. மார்ச்சில் ஆரஞ்சு மரங்கள் பூத்தால் தெருவே மணக்கும்.

என்னைக் கேட்டால், மருமகளுக்கு அங்கே வேலை உறுதியானால் ஆல்புகெர்க்கி. பையன் பள்ளிக்குப் போகும்வரையாவது. இப்போது அவனுக்குத் தேவை மண்ணில் புரள ஒரு வாசலும் கோடையிலும் வெளியே போக ஒரு மாலைப்பொழுதும். அவளுக்கு வேலை கிடைக்காவிட்டால் பீனிக்ஸ், இரண்டாவது பேச்சு வேண்டாம். படித்த பெண்ணை வீட்டில் உட்கார வைத்துவிட்டு மலையழகை ரசிக்கச் சொல்லாதே. அப்பாவுக்கு இதில் உடன்பாடு இல்லை. பேரன் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அவர் தனியாக உனக்கு எழுதுவார்.

ஆனால் என் பேச்சையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதே. காற்று ஓய்வதற்குள், இந்த மாதமே மூன்று பேரும் ஆல்புகெர்க்கிக்குப் போய் நான்கு நாள் இருங்கள். விடுதியில் தங்காமல் வீடு எடுத்துத் தங்குங்கள், சமைத்துச் சாப்பிடுங்கள். ஜூலையில் ஒரு வாரம் இங்கே வாருங்கள். இங்கே வீடு பார்க்கப் போனால் பிற்பகல் மூன்று மணிக்குப் போக வேண்டும். மேற்குச் சுவரில் நிழல் இருக்கிறதா, ஏசி எந்த வருஷத்தது, சென்ற ஆகஸ்டில் மின்கட்டணம் எவ்வளவு என்று கேள். எங்களுக்கு 400 டாலரைத் தாண்டியது.

மருந்தாளுநர் உரிமம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு என்பதால், இரண்டு மாநிலங்களிலும் எத்தனை மாதம் ஆகும், என்ன தேர்வு எழுத வேண்டும் என்று மருமகளை இப்போதே விசாரித்து வைக்கச் சொல். டிக்கெட் போட்டதும் தேதியைத் தெரிவி. குட்டிப்பயலுக்குத் தும்மல் மருந்தை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அம்மா